வாயில்லாத மெஷினும் துண்டுத் தரகரும்

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஆரம்பித்து நரிக்குடி வரைக்கும் விசாரித்துப் பாருங்கள். துண்டுத் தரகர் வாயைத் திறந்து பல் பார்க்காத ஜீவன் ஒன்றுகூட இருக்காது. ஜீவன் இல்லாததையும் அவர் விட்டுவைத்ததில்லை.

எங்கள் தெருவில் புதிதாக ஒரு பல் டாக்டர் வந்தார். கடைவாய்ப் பல் வலி என்று தரகர் போனார். நாற்காலியில் சாயச் சொன்னதும், "மொதல்ல நீங்க வாயைத் தொறங்க டாக்டர்" என்றார். அந்த மனுஷனும் என்னவோ ஏதோ என்று திறந்துவிட்டார். தரகர் எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு சொத்தை இருக்கு. நீங்க போயி யார்கிட்டயாச்சும் காட்டிட்டு வாங்க, நான் அப்பறமா வாரேன்" என்று எழுந்து வந்துவிட்டார்.

ஒரு பெண் பார்க்கும் வீட்டில் மாப்பிள்ளைக்கு இருபத்தெட்டு வயசு என்றார்கள். தரகர் தட்டிலிருந்து ஒரு கல் முறுக்கை எடுத்து நீட்டி, "கடிங்க தம்பி" என்றார். மாப்பிள்ளை அதை ஓரப் பல்லில் வைத்து ஒதுக்கிக் கடித்தார். "முப்பத்தி மூணுக்குக் கொறையாது" என்று தரகர் சபையில் சொல்ல, பெண் வீட்டார் ஜாதகத்தைத் திருப்பிக் கேட்க, அது ஒரு தனிக் கலவரம்.

தொழில் ஆட்டுத் தரகு. தோளில் எப்போதும் ஒரு பச்சைத் துண்டு கிடக்கும். ஆட்டுச் சந்தையில் வாங்குகிறவன், விற்கிறவன் இரண்டு பேர் கைகள்மேலும் அந்தத் துண்டைப் போட்டு மூடிவிடுவார். உள்ளே விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவது. ஒரு விரல் என்றால் ஒன்று, ஐந்து விரல் என்றால் ஐந்து. நூறா ஆயிரமா என்பது ஆட்டைப் பார்த்தாலே தெரியும். விலை குறைய வேண்டுமென்றால் வாங்குகிறவன் விரலை மடக்குவான், ஏற வேண்டுமென்றால் விற்கிறவன் நிமிர்த்துவான். சுற்றி நிற்கிற யாருக்கும் ஒன்றும் தெரியாது. வாயைத் திறந்து கேட்கக் கூச்சப்படுகிறவனுக்கு அதைவிட வசதி இல்லை.

அவருக்கு மூன்று சட்டம். பல்லைப் பார்க்கணும், வயசு அதில்தான் தெரியும். தாயைப் பார்க்கணும். ஓடவிட்டுப் பார்க்கணும். இந்த மூன்றும் முடியாமல் எந்த ஆட்டுக்கும் விலை சொல்லமாட்டார். பல் விஷயத்தில் பொய்யும் சொல்லமாட்டார். பக்ரீத்துக்கு ஆடு பிடிக்கிற வீரசோழன் ஊர்க்காரர்கள், 'தரகர் ரெண்டு பல்லுன்னா ரெண்டு பல்லுதான்' என்று பார்க்காமலே வண்டியில் ஏற்றுவார்கள்.

இந்தப் பேர் பரவி, ஊரில் யார் எதை வாங்கினாலும் அவரைக் கூட்டிக்கொண்டு போகிற வழக்கம் வந்துவிட்டது. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜைக்கூடக் கதவைத் திறந்து, ரப்பரை இழுத்து, "நாலு பல்லு, நல்லா ஒழைக்கும்" என்று அவர்தான் தேர்ந்தெடுத்தார். பத்து வருஷமாகிறது, ஒரு நாள் மக்கர் பண்ணவில்லை. அதிலிருந்து என் மனைவி செல்விக்கு அவர் சொன்னால் கோர்ட்டு தீர்ப்பு மாதிரி.

அதனால்தான் புது வீடியோ கேம் மெஷின் வேண்டும் என்று நான் சொன்னபோது, நூல் மில்லில் தரம் பார்க்கிற நாற்பத்திரண்டு வயது ஆளுக்கு இது தேவையா என்றுகூட அவள் கேட்கவில்லை. "தரகர் அண்ணாச்சி சரின்னு சொல்லட்டும், வாங்கிக்கங்க" என்றாள். அவர் சொல்லவே மாட்டார் என்கிற தைரியம்.

கூட்டிக்கொண்டு போனேன். ஷோரூமில் கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளை வெளேரென்று நின்றது மெஷின். தரகர் வெளியே எடுக்கச் சொன்னார். தூக்கிப் பார்த்தார். அடிவயிற்றைத் தடவினார். முன்னும் பின்னும் திருப்பினார். முகம் சுருங்கியது.

"ஏம்ப்பா, இதுக்கு வாய் எங்க?"

"வாயா சார்?" என்றான் விற்பனைக்கார இளைஞன்.

"டிஸ்க்கு சொருகுற எடத்தைக் கேக்குறாரு" என்றேன்.

"இந்த மாடல்ல அது கெடையாது சார். எல்லாம் நெட்லயே வாங்கி டவுன்லோடு பண்ணிக்கலாம். டிஸ்க் வேணும்னா அந்தப் பார்ட் தனியா வருது, அதுக்குத் தனி ரேட்டு."

தரகர் என்னைப் பார்த்தார். "வாயில்லாத ஆட்டைக் காட்டுறான். வாய் வேணும்னா தனியா காசு குடுக்கணுமாம். வால் எம்புட்டுன்னு கேளு."

பையன் நல்ல பையன். பொறுமையாக விளக்கினான். பழசைவிடப் பல மடங்கு வேகம், விளையாட்டு திறக்கக் காத்திருக்கவே வேண்டாம், படம் அவ்வளவு துல்லியம், ஆனால் அதற்கு ஃபோர்கே டிவி வேண்டும்.

"உங்க வீட்டு டிவி அதுவா தம்பி?"

"இல்ல அண்ணாச்சி."

"அப்ப குட்டியை வாங்குனா கொட்டகையையும் மாத்தணும்." கொஞ்சம் யோசித்துவிட்டுப் பையனிடம் கேட்டார். "அது கெடக்கட்டும். நெட்டுல வாங்குன ஆட்டத்தை அண்ணன் வீட்டுல வெளையாண்டுட்டுத் தம்பி வீட்டுக்குக் குடுத்துவிடலாமா?"

"அப்படிக் கையில எடுத்துக் குடுக்கறதுக்கு ஒண்ணுமே இருக்காது சார்."

'ம்' என்றவர், சட்டென்று பச்சைத் துண்டை உருவிப் பையன் கையின்மேல் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துவிட்டார். பையனுக்கு வியர்த்துவிட்டது.

"சார்... கேமரா இருக்கு சார்."

"பயப்படாதப்பா. வெலையைச் சொல்லு."

"ஃபிக்ஸட் ரேட் சார், அட்டையிலேயே போட்டிருக்கு."

"வாயால சொல்லாத, வெரலால சொல்லு. பக்கத்துல ஆளு நிக்குது." பக்கத்தில் நின்றது மிக்ஸி பார்க்க வந்த ஒரு அம்மா. அந்த அம்மா மிக்ஸியை விட்டுவிட்டு இதைப் பார்க்க ஆரம்பித்தது.

வெளியே வந்ததும் தரகர் கணக்குச் சொன்னார். "ஆறு வெள்ளாட்டு வெலை. வாயோட சேத்தா ஆறரை. சாஸ்தியா, நாயமான்னு இப்பச் சொல்ல ஏலாது. தாயைக் காட்டு."

தாய், அதாவது இதற்கு முந்தின மாடல் மெஷின், என் வீட்டுப் பரணில் இருந்தது. அதற்கும் முந்தியது, ஊதி ஊதிக் கேசட் சொருகி நானும் தம்பியும் விளையாடிய பழைய டிவி கேம். அந்தப் பாட்டியும் பக்கத்திலேயே கிடந்தது. பாட்டியைத் தரகர் குலுக்கிப் பார்த்தார், உள்ளே கரப்பான் ஓடியது. "போய்ச் சேந்துருச்சு" என்று மரியாதையாகக் கீழே வைத்தார். தாயின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "நல்ல வாய். ஓடவிடு" என்றார்.

அங்கேதான் சிக்கல். ஓடவிட என்னிடம் ஒரு டிஸ்க்கும் இல்லை. ஜாய்ஸ்டிக்கும் இல்லை. எல்லாம் நரிக்குடிப் பக்கம் எங்கள் ஊரில், தம்பி தங்கராசு வீட்டில் இருந்தது. தங்கராசும் நானும் பேசி நாலு வருஷம்.

நிலம், வீடு எல்லாம் சத்தமில்லாமல் பிரிந்தது. இந்த மெஷினில் வந்துதான் நின்றது பாகப்பிரிவினை. ஒரே வீட்டில் இருந்த காலத்தில் முக்கால் பங்கு நானும் கால் பங்கு அவனும் போட்டு வாங்கியது. பேச வந்த பெரியவர்களுக்கு அது என்ன சாமான் என்றே தெரியாது. பெட்டி மூத்தவனுக்கு, டிஸ்க்கும் ஜாய்ஸ்டிக்கும் இளையவனுக்கு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். உரலை ஒரு வீட்டுக்கும் உலக்கையை ஒரு வீட்டுக்கும் கொடுத்த மாதிரி. ஆத்திரத்தில் நான் எல்லார் முன்னாடியும் தம்பியைப் பார்த்து, "நீ போட்ட காசு ஒரு ஜாய்ஸ்டிக்குக்குக் காணுமாலே?" என்று கேட்டுவிட்டேன். அப்போது டிஸ்க்கை மஞ்சள் பையில் அள்ளிக்கொண்டு போனவன்தான்.

இதையெல்லாம் நான் சொல்லவில்லை. "டிஸ்க்கு தம்பிகிட்ட இருக்கு" என்று மட்டும் சொன்னேன். தரகர், "அப்படியா?" என்று மொபெட்டை மிதித்துக் கிளம்பிவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் மொபெட் சத்தம். பின்சீட்டில் மஞ்சள் பையோடு தங்கராசு. அவன் உள்ளே வந்து, "நல்லாருக்கீகளா மதினி" என்று செல்வியிடம் கேட்டான். என்னைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்து உட்கார்ந்தான். நான் ஃபேனைப் பார்த்தேன்.

"கடையில பேசிட்டேன்" என்றார் தரகர். "பழசு முழு செட்டா இருந்தா எடுத்துக்கிட்டுப் புதுசுல கொறைப்பாகளாம். பெட்டி உங்கிட்ட, மத்தது இவன்கிட்ட. அதான் கூட்டியாந்தேன். மொதல்ல ஓட விடுங்க. ஜோடியா ஓடுனாத்தான் எனக்குத் தெரியும்."

மாட்டினோம். தூசி தட்டிய மெஷின் புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்கியது. "இளைப்பு இருக்கு" என்று தரகர் குறித்துக்கொண்டார். கால்பந்து ஆட்டம். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் ஆடினோம். பத்தாவது நிமிஷம், தங்கராசு தன் பழைய வேலையைக் காட்டினான். நான் கோல் போடப் போகிற நேரம் பார்த்து ஆட்டத்தை நிறுத்திவைத்துவிட்டு முதுகைச் சொறிந்தான்.

"ஏலே, கள்ளாட்டம்!" என்று என்னையறியாமல் கத்திவிட்டேன்.

அவன் தரகரிடம் திரும்பினான். "அண்ணாச்சி, முதுகு அரிச்சதுன்னு அவுககிட்டச் சொல்லுங்க."

"நாலு வருசமா அதே எடத்துலதான் அரிக்குதான்னு கேளுங்க அண்ணாச்சி" என்றேன்.

"நான் ஆட்டுத் தரகன்யா, தபால்காரன் இல்ல" என்று அதட்டினார். அடுக்களையில் செல்வி சிரிக்கிற சத்தம் கேட்டது.

ஆட்டம் முடிந்தது. தரகர் மெஷினைத் தடவிக்கொண்டே சொன்னார். "சரி, தாய்க்கு வெலை போடுவோம். இதுக்கு ஒரு சென ஆடு போயிருக்கு, அதையும் கணக்குல சேக்கணும்."

"எந்தச் சென ஆடு?" என்றேன்.

"உன் தம்பி ஆடுதான். கறுப்பு, காதுல வெள்ளை. நாலு பல்லு. நான்தான் வித்துக் குடுத்தேன். குட்டி போட இன்னும் இருவது நாளுதாங் கெடந்துச்சு. அதைப் போயி ஏண்டா விக்கிறன்னு கேட்டேன். 'அண்ணன் ஆசைப்படுறான்'னான்."

சீட்டு எடுத்த காசு என்றுதான் தங்கராசு என்னிடம் சொல்லியிருந்தான். ஆடு வளர்க்கிறவன் பட்டினி கிடந்தாலும் சென ஆட்டைச் சந்தைக்கு ஓட்டமாட்டான். அவனைப் பார்த்துத்தான் ஜாய்ஸ்டிக்குக்குக் காணுமா என்று ஊர் முன்னால் கேட்டிருக்கிறேன். எனக்குத் தலை நிமிரவில்லை.

"பழசை எதுக்கு அண்ணாச்சி பேசுறீக" என்று தங்கராசு முணுமுணுத்தான்.

"யாவாரம்னா எல்லாம் பேசணும். கையை நீட்டுங்க." எங்கள் இரண்டு கைகள்மேலும் துண்டு விழுந்தது. "மூத்தவன் வாங்குறவன், எளையவன் தம் பங்கை விக்கிறவன். ஆரம்பிங்க."

காலையில் தரகர் பேச்செடுத்தபோது அவன் பங்குக்கு இரண்டு விரல் என்று மனசுக்குள் வைத்திருந்தேன். இப்போது துண்டுக்குள் அவனுடைய ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தேன். தங்கராசு கையை உருவி, என் விரல்களில் ஒன்றை மடக்கினான். நான் மறுபடி நிமிர்த்தினேன். அவன் இரண்டை மடக்கினான். நான் இரண்டையும் நிமிர்த்தினேன். துண்டு கோழிக்குஞ்சை மூடி வைத்த மாதிரி துள்ளியது.

தரகருக்குப் பிடிபடவில்லை. "யாருப்பா மடக்குறது?"

"நான்தான்" என்றான் தங்கராசு.

"நீ விக்கிறவன்டா!"

"தெரியும் அண்ணாச்சி."

"அப்ப வெலையை ஏத்துறது யாரு?"

"நான்தான் அண்ணாச்சி" என்றேன்.

"நாப்பது வருசமா சந்தைக்குப் போறேன். விக்கிறவன் கொறைச்சு, வாங்குறவன் ஏத்துற கூத்தை இன்னைக்குத்தான் பாக்குறேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். உள்ளே தங்கராசு என் ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக மடக்கி முடித்து, அந்த முஷ்டியின்மேல் தன் கையை வைத்து மூடிக்கொண்டான். "போதும்ணே" என்றான். நாலு வருஷத்துக்குப் பிறகு அவன் நேராக என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. நான் ஏதோ சொல்ல நினைத்து, "சாப்பிட்டுப் போலே" என்றேன். கண் கலங்கியதைத் துண்டை எடுத்துத் துடைத்தேன். அதில் ஆட்டு வாடை அடித்தது.

"யாவாரம் படியலை" என்று தரகர் கோபமாகத் துண்டைப் பிடுங்கி உதறினார். புது மெஷினுக்குத் தீர்ப்பையும் சொல்லிவிட்டார். "குட்டி நல்ல குட்டிதான், கொறை சொல்ல முடியாது. ஆனா ஒத்தையா மேயிற குட்டி. தாய்க்கு இளைப்பு இருந்தாலும் ரெண்டு பேருக்குப் பால் குடுக்குது. ஆறு ஆட்டு வெலை குடுக்க வேணாம்." தரகுக் காசு கொடுத்தேன். படியாத வியாபாரத்துக்குத் தரகு வாங்கமாட்டேன் என்று, செல்வி போட்ட சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

இப்போது ஞாயிறுதோறும் தங்கராசு பஸ் ஏறி வருகிறான். அவனுக்கு முதுகு அரிப்பது மட்டும் நிற்கவில்லை.

போன மாதம் மெஷினின் இளைப்பு அதிகமாகி, அந்த ஷோரூமுக்கே போய், பழசை எடுத்துக்கொண்டு புதுசில் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டேன். அதே பையன்தான். "எங்க கடையில அப்படி எடுத்துக்கறதே இல்லையே சார். எப்பவுமே கெடையாது" என்றான். துண்டுக்காரர் வந்து பேசவில்லையா என்றால், "அன்னைக்கு உங்களோட வந்ததோட சரி சார். நல்லவேளை" என்றான்.

ஆட்டுக்கு ஒரு பல்லைக் கூட்டியோ குறைத்தோ சொல்லாத மனுஷன், எங்கள் இரண்டு பேருக்காக அவ்வளவு பெரிய பொய்யை முகம் மாறாமல் சொல்லியிருக்கிறார். அதைப் பற்றி அவரிடம் இன்னும் கேட்கவில்லை. அடுத்த முறை எதற்காகவாவது என் கைமேல் அந்தத் துண்டைப் போடுவார். அப்போது எந்த விரலையும் தனியாகப் பிடிக்காமல், அவர் கையைச் சும்மா கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.