கை நல வாரம்

தொழிலாளியின் கையை எங்கள் கம்பெனி மதித்ததுபோல் இந்த உலகத்தில் வேறு எவரும் மதித்ததில்லை. நலத்துறை அதிகாரியான நான் இதை நெஞ்சில் கைவைத்துச் சொல்வேன்.

வார்ப்பு இரும்பைத் தேய்க்கும் பிரிவில் ஒருவர் இருந்தார். வயது வித்தியாசம் பாராமல் எல்லோருக்கும் அவர் 'அண்ணன்'. கையில் பிடித்த கிரைண்டர் காலையிலிருந்து மாலைவரை அதிரும். அவரும் சேர்ந்து அதிர்வார். ஒரு குளிர்காலத்தில் அவர் விரல்கள் சாக்பீஸ் மாதிரி வெளுத்து மரத்துப்போக ஆரம்பித்தன. ரத்தம் திரும்பும்போது நெருப்பாய் எரியுமாம். கண்ணாடித் தம்ளர் கையில் இருக்கிறதா என்பது, அது விழுந்து உடைந்த பிறகுதான் தெரியும். சட்டைப் பொத்தானை அண்ணிதான் போட்டுவிட்டார்.

மெஷினின் அதிர்வால் விரலுக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை, அதிர்வு குறைந்த மெஷின் கொடுங்கள், இல்லையென்றால் வேறு வேலை கொடுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

மேலாளர் உடனே 'உயர்மட்டக் கூட்டம்' கூட்டினார். அண்ணனையும் அழைத்திருந்தார். ஏ.சி. அறையின் குளிரில் எங்கள் கண்ணெதிரே அண்ணனின் விரல்கள் வெளுத்தன. மேலாளர் நெகிழ்ந்துபோனார்.

"எவ்வளவு சுத்தமான கை."

புது மெஷினைப் பற்றி அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டார். அது 'கொள்கை முடிவு'. ஆகவே அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஆழ்ந்து பரிசீலித்தோம். கை நல வாரம் கொண்டாடுவதென ஏகமனதாகத் தீர்மானித்தோம்.

வாரம் அமோகமாக நடந்தது. வாசலில் பிரம்மாண்டமான ஒரு கையைப் பேனராகக் கட்டினோம். அதில் ஆறு விரல் இருந்ததை யாரும் பெரிதுபடுத்தவில்லை. நிறைவு விழாவில் அண்ணனுக்கு ஒரு மசாஜ் மெஷின் பரிசளித்தோம். அவர் அங்கேயே போட்டுப் பார்த்தார்.

"சார், இதுவும் அதிருதே."

"அது வேலை அதிர்வு. இது ஓய்வு அதிர்வு" என்று மேலாளர் பொறுமையாக விளக்கினார்.

அந்தச் சொல் அவருக்கே பிடித்துப்போயிருக்க வேண்டும். மறு வாரமே அண்ணனுக்கு 'நிரந்தர ஓய்வு' அறிவித்துவிட்டார். எங்களுடையது குடும்பப் பாசம் உள்ள நிறுவனம் என்பதால், அதே கிரைண்டரை அண்ணனின் மைத்துனனிடம் ஒப்படைத்தோம்.

வழியனுப்பு விழாவில் கேமராக்காரர் போதும் என்று சொல்லும்வரை மேலாளர் அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கே கண் கலங்கியது. கேட்வரை கூடவே போனேன்.

"மேனேஜரே கை கொடுத்தாரே அண்ணே, எப்படி இருந்துச்சு?"

அண்ணன் விரல்களை மடக்கிப் பார்த்தார். அவை சரியாக மடங்கவில்லை.

"கை கொடுத்தது தெரியல தம்பி. கை கழுவினது தெரிஞ்சுது."