மகளின் உயரம் ஆறு விரல் குறைந்தது குறித்து

பெருமதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

நானும் உங்கள் தங்கையும் நலம். மகளைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை.

பதினைந்து வயதுப் பெண்ணுக்குப் பிறந்தநாள் பரிசாக எடைதூக்கும் கம்பியும் இரும்புத் தட்டுகளும் கொடுத்தீர்களே, அன்றே டாக்டரிடம் ஓடினேன். வளருகிற வயதில் பாரம் தூக்கினால் வளர்த்தி நின்றுவிடாதா? டாக்டரோ, "முறையா கத்துக்கிட்டுத் தூக்கினா ஒண்ணும் ஆகாது சார்" என்று சிரிக்கிறார். நின்றால்கூடப் பரவாயில்லை மச்சான், குறைகிறது! முப்பது வருஷம் சர்வேயராக இருந்தவன் நான். அவள் பயிற்சி செய்யும் பின்னறைச் சுவரில் முதல் வாரமே எங்கள் மூவர் உயரத்துக்கும் பென்சிலால் கோடு போட்டு, அவளை வாராவாரம் நிறுத்துகிறேன். ஏழு வாரத்தில் உச்சந்தலை ஆறு விரல் கீழே. "ஸ்கூல்ல அளந்தா கூடியிருக்குப்பா" என்கிறாள். அந்த ஓட்டை அளவுகோலை நான் நம்புவேனா? சந்தேகத்துக்கு உங்கள் தங்கையை நிறுத்தினேன். அவளும் ஆறு விரல்! "தூக்குறது அவ, குறையறது நானா? பென்சிலைக் குப்பையில போடுங்க" என்று கத்தினாள். பேப்பரைத் தவிர எதையும் தூக்காத நானும் நின்று பார்த்தேன். அதே ஆறு விரல். அந்த அறைக்குள் கால் வைத்தாலே தடுக்கி விழுகிறோம், அவ்வளவு பலவீனம். கடிகாரம் வாராவாரம் மேலே போகிறது. ஜன்னலில் எதிர்வீட்டு வாசல் தெரிந்தது போய் மாடிதான் தெரிகிறது. இரும்பிலிருந்து ஏதோ தொற்றுகிறது. சனிக்கிழமைப் போட்டிக்குப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாளாக அவள் என்னோடு பேசவில்லை, மனசு கேட்கவில்லை. உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், வந்து அந்த இரும்பை எடுத்துக்கொண்டு போங்கள்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும். உங்கள் பிள்ளைகள் நெடுநெடுவென்று வளர என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: ஜன்னலை இறக்கி வைக்கக் கூப்பிட்ட கொத்தனார் இப்போதுதான் வந்தார். "யாரும் குறையல சார். இரும்பு விழுந்து விழுந்து தரைதான் இறங்கியிருக்கு" என்றார். ஊர் நிலத்தையெல்லாம் அளந்தவனுக்கு வீட்டுத் தரையை அளக்கத் தோன்றவில்லை. மகளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், போட்டிக்குப் போகிறாள். ஆனால் கீழே பொள்ளலாக, வெற்றிடமாக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார் அறை நடுவிலுள்ள தரைக்கல்லைச் சுத்தியலால் மூன்று தரம் தட்டினார். கீழேயிருந்து யாரோ நாலு தரம் தட்டினார்கள். மனுஷன் சுத்தியலைக்கூட எடுக்காமல் ஓடிவிட்டார். ஆகவே இரும்பை எடுக்க வர வேண்டாம். எல்லாத் தட்டையும் மகள் அந்தக் கல்லின்மேல் அடுக்கிவிட்டாள். உங்களிடம் இன்னும் கனமானது இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும். சனிக்கிழமை அவள் வீட்டில் இருக்க மாட்டாள், எங்கள் இருவருக்கும் தூக்கத் தெரியாது.