ரெண்டு நாள் நிற்கும் சார்ஜ்

பழைய போனைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் இப்போதும் கண்ணாடிக்காரர் கையெடுத்துக் கும்பிடுகிறார். போனா அது? தெய்வம்! முகமெல்லாம் விரிசல். மூன்றை அழுத்தினால் ஆறு விழும். காலையில் வயிறு முட்ட சார்ஜ் ஏற்றினாலும், சாயங்காலம் கடை மூடுகிற நேரத்துக்குச் சொல்லிவைத்தாற்போல மூச்சை விட்டுவிடும். அந்த மூச்சு விடுகிற குணத்தில்தான் அவருடைய சுதந்திரம் மொத்தமும் அடங்கியிருந்தது. அது தெரியாமல் கெட்டார் மனுஷன்.

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிறவர். அவர் மனைவி பாலர் பள்ளியில் டீச்சர். கடை மூடியதும் நேரே வீட்டுக்குப் போனால் இவருக்கு ஒரு குறையும் வந்துவிடாது. ஆனால் போகமாட்டார். தெருமுனை லாண்டரிக்குள் நுழைந்து, இஸ்திரி போட்டுத் தொங்கவிட்ட சட்டைகளுக்கு அடியில் குனிந்து போனால், பின்கட்டில் ஒரு கேரம் போர்டு. லாண்டரிக்காரர், அவர் சம்சாரம், எதிர்க்கடைச் சாவிக்காரர், நாலாவதாக இவர். ஒரு மணி நேரம் ஆட்டம். நடுவில் ரெண்டு டீ. அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மனுஷன் மற்ற நேரமெல்லாம் உயிரோடு இருந்தார். ஆட்டம் முடிந்ததும் விரலில் ஒட்டிய போர்டு பவுடரைக் குழாயில் கழுவிக்கொண்டு, ஒன்றும் தெரியாத பாவம்போல வீட்டுப் படியேறுவார்.

"ஏங்க, இவ்வளவு நேரமா? எத்தனை தடவை கூப்பிட்டேன்!"

"பஸ்ஸே வரலைம்மா. போன்லயும் சார்ஜ் தீர்ந்துபோச்சு."

டீச்சர் "ம்" என்பார். அவ்வளவுதான். பாட்டு வகுப்பு வந்தால் வயிற்று வலி வருகிற பிள்ளைகளிடமும் அவர் அதே "ம்"மைத்தான் சொல்வார் என்பது கண்ணாடிக்காரருக்குத் தெரியாது.

இப்படிப் பொழுது சொகுசாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கெட்ட காலம் பிறந்தது. லென்ஸ் கம்பெனி விற்பனையாளர் ஒரு நாள் தன் புதுப் போனை மேஜைமேல் வைத்தார். கண்ணாடிக்காரர் அதைக் கையில் எடுத்தார். வழவழவென்று இருந்தது. திருப்பித் தரவே மனசு வரவில்லை. அன்றைக்கே போன் கடைக்குப் போய் விசாரித்தார். அங்கே ஒரு பெண் இனிக்க இனிக்கச் சொன்னாள். போனுக்குத் தனியாகப் பணமே வேண்டாமாம். ரெண்டு வருஷ பிளான் எடுத்து மாசாமாசம் கட்டிக்கொண்டு வந்தால் போதுமாம். அந்தப் 'போதும்' இருக்கிறதே, எத்தனை குடும்பத்தைக் கவிழ்த்ததோ தெரியாது. என்ன ஆனாலும் சரி, இன்றைக்கு டீச்சரிடம் வாதாடி ஜெயித்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

டீச்சர் மறுநாள் வகுப்புக்காகக் காகித முயலுக்குக் காது வெட்டிக்கொண்டிருந்தார்.

"புதுப் போன் சும்மா குடுக்கிறாங்க."

"சும்மாவா? காசே வேண்டாமா?"

"மாசம் கொஞ்சம் கட்டணும். அது பிளானுக்கு."

"பிளான் எடுக்கலைன்னா போன் குடுப்பாங்களா?"

"மாட்டாங்க."

"அப்ப காசு எதுக்கு?"

"போனுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். முதல் சுற்று போயே போச்சு.

"இல்லம்மா, எவ்வளவு வேணும்னாலும் பேசலாம். கணக்கே கிடையாது."

"யார்கிட்டங்க பேசப் போறீங்க? எங்கிட்ட நீங்க பேசறதே 'சாப்பாடு ஆச்சா', 'என் சாக்ஸ் எங்க'. அதுக்கு ரெண்டு வருஷ பிளானா?"

"நியூஸ் பார்க்கலாம், படம் பார்க்கலாம்..."

"டிவியில நியூஸ் போட்டா அஞ்சு நிமிஷத்துல குறட்டை. அது பத்தாதுன்னு போன்ல வேற தூங்கணுமா?"

"ஒரு நாளைக்குன்னு பார்த்தா வெறும் ரெண்டு டீ காசும்மா!"

கத்தரிக்கோல் நின்றது.

"எந்த ரெண்டு டீ?"

"எந்த ரெண்டு டீன்னா?"

"காலையில வீட்டுல குடிக்கிறீங்க. மத்தியானம் கடையில குடுக்கிறாங்க. காசு குடுத்துக் குடிக்கிற ரெண்டு டீ எதுன்னு கேட்டேன்."

கண்ணாடிக்காரருக்கு வேர்த்துவிட்டது. "அது... பஸ் ஸ்டாப்ல. பஸ் வராத நாள்ல."

"ம்."

இந்த இடத்தில் வாயை மூடியிருந்தால் இன்றைக்கு ராஜாவாக இருந்திருப்பார். எங்கே மூடினார்? தோற்கப் போகிற ஆத்திரத்தில் கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

"எல்லாம் உனக்காகத்தாம்மா கேக்கறேன். தினமும் நீ கூப்பிடற, இந்தச் சனியன் பிடிச்ச போன் செத்துக் கிடக்கு. நீ பதறிப்போற. எனக்கு மனசு கேக்கலை. புதுசுல ரெண்டு நாள் சார்ஜ் நிக்குமாம். எப்பக் கூப்பிட்டாலும் எடுப்பேன். முகம் பார்த்தே பேசலாம்."

டீச்சர் முயலைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நிஜமா எனக்காகவா?"

"சத்தியமா."

"எப்பக் கூப்பிட்டாலும் எடுப்பீங்களா?"

"முதல் ரிங்லயே!"

"அந்த ரெண்டு டீ?"

"இந்த நிமிஷத்தோட விட்டேன்!"

"அப்ப நீங்க சொல்றது நியாயம்தான். நாளைக்கே வாங்கிடுங்க" என்று டீச்சர் மறுபடி கத்தரிக்கோலை எடுத்தார்.

ஜெயித்துவிட்டார்! கல்யாணமான நாளிலிருந்து முதல் வெற்றி! மறுநாள் போன் கடையில் ரெண்டு வருஷ பிளானுக்குக் கையெழுத்துப் போட்டபோது அவர் ஒரு வரிகூடப் படித்துப் பார்க்கவில்லை. பாவி மனுஷன் படித்திருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் லாண்டரியில் எல்லோரும் போனைத் தடவிப் பார்த்துப் பாராட்டி முடித்து, கண்ணாடிக்காரர் ரெட் காய்க்குக் குறிபார்த்துக் குனிந்தார். போன் அடித்தது. பழக்கதோஷத்தில் எடுக்காமல் விட்டார். மறுபடி அடித்தது. எடுத்தால் திரை நிறைய டீச்சர்.

"எங்கங்க இருக்கீங்க?"

"பஸ் ஸ்டாப்ல."

"பஸ் ஸ்டாப்புக்குள்ள எதுக்குங்க இத்தனை சட்டை தொங்குது? பஸ்ஸுக்கு நிக்கிறவங்க கழட்டி மாட்டினதா?"

லாண்டரிக்காரர் சம்சாரம் வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டார். கண்ணாடிக்காரருக்கு ஒரே ஒரு யோசனைதான் தோன்றியது. எத்தனையோ நாள் காப்பாற்றிய யோசனை.

"ஹலோ, ஹலோ... சார்ஜ் தீரப் போகுதும்மா..."

"ரெண்டு நாள் நிக்கும்னீங்களே? இன்னிக்குத்தானே வாங்கினீங்க. சரி சரி, வீட்டுக்கு வாங்க."

வந்தார். மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் கடை மூடியதும் கட்டிப்போட்ட கன்றுக்குட்டி மாதிரி வீட்டில் இருந்தார். ரெண்டு டீயும் போயிற்று. போன் கடைக்கு ஓடிப்போய்த் திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்டார். "போனைத் தாராளமாக் குடுங்க சார். பிளான் மட்டும் ரெண்டு வருஷம் கட்டிடுங்க, போதும்" என்றாள் அதே பெண், அதே இனிப்போடு. நொந்துபோய் நாற்காலியில் சாய்ந்து, யாரோ எங்கேயோ கேரம் ஆடுவதைப் போனில் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு வேண்டுமானாலும் பார்க்கலாமே, அதற்குத்தானே பிளான். விரல் தன்னால் தொடையில் சுண்டிக்கொண்டது. அழுகை வராத குறை.

கடைசியில் வெட்கத்தை விட்டுக் கேட்டார். "ஏம்மா, அந்தப் பழைய போன் எங்க?"

"அது எங்கிட்ட இருக்கு. என் போனை என் தங்கச்சிக்குக் குடுத்துட்டேன், அவ போன் தண்ணியில விழுந்துடுச்சு. வீட்டுல ஒருத்தர்கிட்ட நல்ல போன் இருந்தாப் பத்தாதா? எனக்கு அந்த ஓட்டைப் போன் போதும்."

கண்ணாடிக்காரர் உருகிப்போனார். இப்படியும் ஒரு பெண்டாட்டி வாய்ப்பாளா!

மறுநாள் சாயங்காலம் வந்தால் கதவில் பூட்டு. தன் சாவியைப் போட்டுத் திறந்தார். விளக்கு இல்லை. அடுப்பில் சூடு இல்லை. டீச்சருக்குப் போன் போட்டார். அணைத்து வைக்கப்பட்டுள்ளதாக ஒரு குரல் சொன்னது. மறுபடி போட்டார். எவ்வளவு வேண்டுமானாலும் கூப்பிடலாம், எடுக்கத்தான் ஆளில்லை. வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்தார். முதலில் கோபம் வந்தது. அப்புறம் பசி. அப்புறம் பயம்.

பயம் வந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. தினமும் அவளும் இப்படித்தானே நின்றிருப்பாள்? நாள் முழுக்க நண்டும் சிண்டுமாகப் பிள்ளைகளோடு கத்திவிட்டு வருகிறவளுக்கு ஒரு மணி நேரம் வேண்டியிருக்காதா? "நீயும் ஒரு நாள் வாயேன்" என்று கூப்பிட்டிருந்தால் என் தலையிலிருந்த கிரீடமா இறங்கியிருக்கும்? கண்ணாடிக்காரருக்கு வெட்கமாக இருந்தது. ஊரார் பார்வையையெல்லாம் சரிசெய்து என்ன பிரயோஜனம்! அவள் வரட்டும். லாண்டரி, கேரம், டீ எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, நாளையிலிருந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவது என்று தீர்மானித்தார்.

நன்றாக இருட்டிய பிறகு டீச்சர் வந்தார்.

"எவ்வளவு நேரம்மா! எத்தனை தடவை கூப்பிட்டேன்!"

"பஸ்ஸே வரலைங்க. போன்லயும் சார்ஜ் தீர்ந்துபோச்சு."

டீச்சரின் பள்ளி பக்கத்துத் தெருவில் இருக்கிறது. நடந்துதான் போவார். அதைக் கேட்க வாயைத் திறந்த கண்ணாடிக்காரர், செருப்பைக் கழற்றுவதற்காகக் கதவைப் பிடித்த அவள் விரலைப் பார்த்தார். நகக்கண்ணில் வெள்ளையாகப் பவுடர்.

அவருக்குக் கோபமே வரவில்லை. உள்ளே ஏதோ இளகியது. சிரிப்புகூட வந்தது.

"கழுவ மறந்துட்டியே! சரி விடு, எனக்கும் புத்தி வந்துடுச்சு. நாளையிலேர்ந்து ரெண்டு பேருமாவே லாண்டரிக்குப் போலாம், என்ன?"

டீச்சர் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டே, வயிற்று வலிக்காரப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி அவரைக் கனிவோடு பார்த்தார்.

"போலாம்தான். ஆனா ஒரு போர்டுக்கு நாலு பேர்தானேங்க?"