சவுக்காரம் அடைத்த பெட்ரோல் மூடி

ஒரு மூடியில் ஓட்டை இருந்தால் அதை அடைப்பது குற்றமா? அறுபது வருஷமாகக் கேட்கிறேன். என் வீட்டில் ஒருவரும் நியாயமாகப் பதில் சொல்லவில்லை, சிரிக்கிறார்கள். அதனால் உங்களிடம் முறையிடுகிறேன்.

நெய்வேலியில் அப்போது நான் ஒர்க்‌ஷாப்பில் காண்ட்ராக்ட் மெக்கானிக். பயம் எனக்குக் கூடப் பிறந்தது. பூட்டிய கதவை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். (இழுத்ததில் பூட்டு கழன்றிருக்குமோ என்று நாலாவது தரமும்.) எங்கள் என்ஜினியர் ராகவன் சார் ஒரு பழைய சீமைக் காரைப் பந்தயக் காராக மாற்றி, மெட்ராஸ் பக்கம் சோழவரத்தில் நடக்கும் கார் பந்தயத்தில் ஓட்டப் போவதாக இருந்தார். கூடப் போகும் மெக்கானிக் நான்.

"வண்டி நிக்காம ஓடட்டும், உன்னைப் பர்மனென்ட் பண்ணச் சொல்லி எழுதறேன்" என்றார்.

பர்மனென்ட் என்றால் குவார்ட்டர்ஸ். என் மனைவி செல்லம்மா, கம்மாபுரத்துக்காரி, இன்னும் கிடைக்காத அந்த வீட்டு ஜன்னலுக்கு அன்றைக்கே திரைத்துணி தைக்க ஆரம்பித்துவிட்டாள்.

எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. ஊரெங்கும் நிலக்கரித் தூசி. காயப்போட்ட வேட்டியில் தூசி, சோற்றில் தூசி. பெட்ரோலில் விழுந்தால்? டாங்க் மூடியைத் திருப்பிப் பார்த்தேன். நடுவில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஓட்டை! (சீமைக்காரன் வேலை பார்க்கிற லட்சணம்.) துணி துவைக்கிற சவுக்காரம் பெட்ரோலில் கரையாது என்று எனக்குத் தெரியும். வீட்டிலிருந்து ஒரு கட்டியை எடுத்துவந்து, கொஞ்சம் கிள்ளி உள்பக்கமாக நன்றாக அப்பி அடைத்தேன். அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஞாயிறு காலை வெள்ளோட்டம். டவுன்ஷிப்பில் ராகவன் சார் குடியிருந்த பிளாக் முழுக்க வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. பெட்ரோல் குழாயில் ராகவன் சார் ஒரு பிரஷர் மீட்டர் பொருத்தியிருந்தார். முள் மூன்றில் நிற்க வேண்டும். நின்றது. ஐந்து நிமிஷம் ஓடியதும் வண்டி இருமியது, குலுங்கியது, படுத்துவிட்டது. முள் பூஜ்யத்தில்.

எந்த வேலைக்கும் முன்னால் மூடியைத் திறந்து, குச்சி விட்டு, பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பது என் வழக்கம். பார்த்தேன், இருந்தது. பம்ப்பைப் பிரித்து உள்ளே இருந்த ரப்பர் தகட்டை மாற்றினேன். வண்டி பறந்தது. நான் நெஞ்சை நிமிர்த்தினேன். ஐந்து நிமிஷம், படுத்துவிட்டது. மறுபடி குச்சி. கார்புரேட்டரைக் கழற்றி ஊசியைத் துடைத்தேன். பறந்தது, படுத்தது. மறுபடி குச்சி. குழாயையே மாற்றினேன். பம்ப் செய்தவனைத் திட்டினேன், பெட்ரோல் விற்றவனைத் திட்டினேன், வெயிலையும் விடவில்லை.

நாலாவது தரம் குச்சி விடும்போது செல்லம்மா சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். பானெட் மேல் கவிழ்த்து வைத்திருந்த மூடியையே உற்றுப் பார்த்தாள்.

"ஏங்க, இது நம்ம வூட்டு சவுக்காரமாச்சே? துணிக்கு வச்சினு இருந்தத நாலு நாளா தேடினு இருக்கேன்."

ராகவன் சார் மூடியைக் கையில் எடுத்தார். தூசி விழாமலிருக்க நான்தான் வைத்தேன் என்று பெருமையாகவே சொன்னேன்.

"பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காத்து போகணும்யா. போகலேன்னா பம்ப் எதை இழுக்கும்? நீ குச்சி விட மூடியைத் திறந்தப்பல்லாம் காத்து புகுந்திருக்கு, அதுலதான் அஞ்சஞ்சு நிமிஷம் ஓடியிருக்கு. எட்டாங் கிளாஸ் பாடம் இது."

"நான் ஏழாவதோட நின்னுட்டேங்க."

உண்மையைத்தான் சொன்னேன். அதற்கு ஒரு தெருவே சிரிக்க வேண்டுமா? அவர் செல்லம்மாவிடம் ஒரு கொண்டை ஊசி வாங்கி ஓட்டையைக் குத்தினார். நான் காலையிலிருந்து பிரித்துப் போட்ட வண்டி அரை மணி நேரம் டவுன்ஷிப்பைச் சுற்றியது, ஒரு தும்மல்கூட இல்லாமல்.

சோழவரத்துக்கு வேறு மெக்கானிக் போனார். ஆனால் வண்டி ஓடிவிட்டதால் ராகவன் சார் சொன்னபடி எழுதினார். 'இவர் எதையும் காற்றுப் புகாமல் மூடி வைப்பார்' என்று எழுதினாராம். என்னைப் பர்மனென்ட் ஆக்கி ஸ்டோர்ஸில் போட்டார்கள். மெக்கானிக்கை! ரிட்டயர் ஆகும்வரை பெயிண்ட் டின்னும் கிரீஸ் டப்பாவும் எடுத்துக் கொடுத்தேன். ஒரு டின்கூடக் காய்ந்ததில்லை. அதை யாராவது பேசுகிறார்களா?

போன வாரம் பேத்தி குளியலறையிலிருந்து சோப்பைக் காணோம் என்றாள். செல்லம்மா எழுந்திருக்கக்கூட இல்லை.

"தெருவுல எதுனா காரு நின்னுகினு கெடக்குதா, போய்ப் பாரு."

அந்தச் சோப்பை நான் எடுக்கவில்லை. அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.