மாமா, கிளட்ச்சை விடாதீங்க!

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் பல் டாக்டர் காரின் கிளட்ச்சை மிதித்தார். அது உள்ளே போனது. போனது போனதுதான், திரும்பி வரவில்லை.

குனிந்து கையால் மேலே இழுத்துவிட்டு மறுபடி மிதித்தார். மறுபடியும் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டது.

"என்னாச்சுங்க?" என்று வாசலிலிருந்து கேட்டாள் மனைவி.

"கிளட்ச் பல்லை இளிச்சிடுச்சு."

"ஐயோ, இன்னிக்கா?"

அவள் பதறியதில் நியாயம் இருந்தது. இரண்டு வாரம் தங்கலாம் என்று வந்த அவளுடைய அப்பா, மூன்றாவது வாரத்தை முடித்துவிட்டு அன்று சாயங்காலம் நாலரை மணி ரயிலில் மகன் வீட்டுக்குக் கிளம்புகிறார். வாரத்துக்கு ஒரே ரயில். போன ஞாயிறே கிளம்பியிருக்க வேண்டியவர். கிளம்பும் நேரத்தில் டயரில் காற்றில்லை, ஸ்டெப்னியிலும் காற்றில்லை, ரயில் போய்விட்டது. இந்த வாரமும் விட்டால், மருமகனுக்கு ஒரு காரைக்கூட ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்று ஆகிவிடும்.

வாடகைக் கார் பேச்சுக்கே இடமில்லை. மாமனார் முப்பத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டியவர். முன்பின் தெரியாத ஒருவன் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் வண்டியில் ஏறமாட்டார். ரயிலை மட்டும் மன்னித்திருந்தார், அதற்கு ஸ்டீயரிங் கிடையாது என்பதால். மருமகன் காரில் உறவுக்காக உட்காருவார். உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை வழி நெடுக மிதித்துக்கொண்டே வருவார்.

பல் டாக்டருக்கு ரயிலைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. மாமனார் அகராதியில் உச்சகட்டப் பாராட்டு ஒரே ஒரு சொல்தான்: "பரவாயில்லை." அதை அவர் தர்பூசணிக்குச் சொல்லியிருக்கிறார். புது மேம்பாலத்துக்குச் சொல்லியிருக்கிறார். வாட்ச்மேன் வைத்த சல்யூட்டுக்குக்கூடச் சொல்லியிருக்கிறார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் மருமகனுக்கு மட்டும் சொன்னதில்லை. ஒருமுறை அவருடைய கடைவாய்ப் பல்லுக்குத் துளி வலி தெரியாமல் வேர் சிகிச்சை செய்துவிட்டு, வாயைப் பார்த்தபடி நின்றார் டாக்டர். மாமனார் கொப்பளித்தார், துடைத்தார், சொன்னார்: "தண்ணி நல்லா இருக்கு."

இன்றைக்கு அந்தச் சொல்லை வாங்கிவிடுவது என்று டாக்டர் முடிவு செய்தார்.

"மெக்கானிக் இன்னிக்கு லீவு. நானே பார்த்துடறேன்."

"நீங்களா?" என்றாள் மனைவி.

"சின்ன ஓட்டைக்குள்ள பெரிய வேலை பார்க்கறதுதானே என் தொழிலே."

கிளினிக்கிலிருந்து வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடி, சிரிஞ்ச், நெற்றி விளக்கு, கையுறை எல்லாம் வந்து சேர்ந்தன. பானெட்டைத் திறந்தார். கிளட்ச் ஆயில் டப்பா காலி. பொங்கிய மகிழ்ச்சியோடு ஊற்றினார். மிதித்தார். ஊற்றியதெல்லாம் காருக்கடியில் வந்து குளம் கட்டியது. கொஞ்சம் முன்பக்கத் தகட்டிலும் சிந்தியது. கையிலிருந்த துணியால் அழுத்தித் துடைத்தார். துணியோடு பெயிண்டும் வந்தது.

"அந்த ஆயில் பெயிண்டைத் தின்னுடும், மாப்ளே" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

மாமனார் வந்து நின்றிருந்தார், பயணத்துக்குத் தயாராக, இஸ்திரி போட்ட சட்டையில்.

"முன்னாடியே சொல்லக்கூடாதா மாமா?"

"கேக்கலையே."

பெடலை ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட்டு, பெரிய டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினார். "மாஸ்டர் சிலிண்டர் போயிடுச்சு. அதை மாத்தணும்."

சங்கதி இதுதான். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும். ஆயில் குழாய் வழியாகக் கீழே போய், கியர்பாக்ஸ் பக்கத்திலிருக்கும் ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளும். மேலே இருப்பவர் அழுத்தினால் கீழே இருப்பவர் நகர வேண்டும். அந்த வீட்டு நிலவரமும் ஏறக்குறைய அதுதான்.

டாக்டர் ஓடிப்போய் உதிரி பாகக் கடையில் மாஸ்டர் சிலிண்டர் வாங்கி வந்தார். அதைக் கழற்றுவதற்கு ஸ்டீயரிங்குக்கு அடியில் தலைகீழாகப் படுக்க வேண்டியிருந்தது. கால் இரண்டும் சீட்டில், தலை பெடல்களுக்கு நடுவில். வாழ்நாளெல்லாம் அடுத்தவர்களைச் சாய்த்துப் படுக்கவைத்து "அசையாதீங்க" என்று சொன்னதன் பலன் என்று நினைத்துக்கொண்டார். பெடலின் பின்னைக் கழற்றுகையில் ஏதோ ஒரு ஒயரும் கூடவே வந்தது. உடனே ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. நிற்கவேயில்லை. எதிர்க் கட்டடத்து மாடிகளில் ஒவ்வொரு தலையாக முளைத்தது. வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டு, எந்த வண்டி வருகிறது என்று இரண்டு பக்கமும் பார்த்தான்.

"பேட்டரியைக் கழட்டுங்க!" என்று அலறினார் டாக்டர்.

மாமனார் நிதானமாகக் கழற்றினார். "ஹாரன் நல்லா இருக்கு" என்றார்.

பதினொன்றரைக்குப் புது மாஸ்டர் உட்கார்ந்தது. ஆயில் ஊற்றி மிதித்தார்கள். மறுபடியும் குளம், இந்த முறை முன்னதைவிடப் பெரிய குளம்.

"அப்போ ஸ்லேவும் போயிருக்கும்" என்றார் மாமனார்.

"ரெண்டும் ஒரே நாள்லயா?"

"ஒத்துமையா இருந்திருக்கும்."

கடை ஒரு மணிக்கு மூடிவிடும். டாக்டர் மறுபடி ஓடினார். கடைக்காரர் ஸ்லேவ் சிலிண்டரை எடுத்துக் கொடுத்துவிட்டு, "காலையில நல்ல சட்டையில பார்த்தேன் சார் உங்களை" என்றார் அனுதாபத்தோடு.

திரும்பி வந்து காருக்கடியில் நுழைந்து சிறிய ஸ்பேனரைத் தேடினால், பெட்டியில் அந்த ஒன்று மட்டும் இல்லை.

"இதையா தேடறீங்க?" மாமனார் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். டாக்டருக்கு மனசு நிறைந்துபோனது. மனுஷர் கேட்காமலே உதவுகிறாரே!

ஸ்லேவ் மாட்டியாகிவிட்டது. இனி குழாயிலுள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை. மேலே ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, கீழே ஒருவர் ஸ்லேவிலுள்ள குட்டித் திருகான நிப்பிளைத் திறந்து காற்றை விட்டு மூட வேண்டும். மூடும்வரை பெடலை விடக்கூடாது. விட்டால் போன காற்று சொந்தபந்தத்தோடு திரும்பி வந்துவிடும்.

மாமனார் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அவர் முகத்தில் ஒரு தனிக் களை வந்தது. மகன் வீட்டில் இருப்பது கிளட்ச்சே இல்லாத கார். "ரெண்டு பெடல் வண்டியில இடது காலுக்கு என்னய்யா வேலை? வெட்டிப் போட்டுடலாமா?" என்பார். இங்கே தினமும் சாயங்காலம் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, நின்ற காரிலேயே கியர் மாற்றி மாற்றி ஊரெல்லாம் சுற்றி வருவார்கள் இரண்டு பேரும்.

"மிதிங்க மாமா!"

"மிதிச்சாச்சு."

டாக்டர் நிப்பிளைத் திறந்தார். ரப்பர் குழாய் வழியாக, நோயாளிகள் கொப்பளிக்கும் கப்பில் ஆயிலும் குமிழுமாக வந்தது. "விடாதீங்க மாமா!"

மாமனார் விட்டார். காற்று சர்ரென்று உள்ளே போனது.

"ஏன் மாமா விட்டீங்க?"

"விடுங்கன்னு சொன்னீங்களே."

"விடாதீங்கன்னேன்!"

"காது கொஞ்சம் மந்தம், மாப்ளே."

குளியலறைக்குள் இருந்துகொண்டே, தெருவில் போகும் லாரி எந்த கியரில் போகிறதென்று சொல்லும் காது அது. வயசு எல்லாவற்றையும் சாப்பிட்டுவிடுகிறது என்று டாக்டர் இரக்கப்பட்டார். 'விடு' என்ற சொல்லே வேண்டாம் என்று வார்த்தையை மாற்றினார்.

"மிதிச்சு அப்படியே இருங்க மாமா!"

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. காருக்கடியிலிருந்து பார்த்தால் தரையில் இரண்டு செருப்பு.

"என்ன மாமா இது?"

"இறங்குங்கன்னீங்க, இறங்கிட்டேன்."

அடுத்து மனைவியை நடுவில் நிறுத்தினார்கள். டாக்டர் சொல்வதை அவள் அப்பாவுக்குச் சொல்ல வேண்டும். மாமனார் மகளிடம் எதையோ விசாரிக்க ஆரம்பித்தார். அவள் பதில் சொல்ல ஆரம்பித்தாள். பேச்சு பக்கத்து வீட்டுக் கல்யாணம்வரை போனது. பெடல் எப்போது மேலே வந்தது என்று யாருக்கும் தெரியாது. நிப்பிளுக்கு நேர்கீழே படுத்திருந்த டாக்டரின் மூக்குக்கு மட்டும் ஆயில் தெரிந்தது.

மூன்றரை ஆனது. நாலு ஆனது. பல்லைக் கடித்துக்கொண்டு மூடினார், திறந்தார், மூடினார். சட்டை, கண்ணாடி, காது எல்லாம் ஆயில். நாலு நாற்பதுக்கு மனைவி மெதுவாகச் சொன்னாள்:

"விட்டுடுங்க. ரயில் போயிருக்கும்."

டாக்டர் அப்படியே தரையில் கிடந்தார். அழுகை வரும்போலிருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் கிடைத்த ஒரே வாய்ப்பு. அதையும் கோட்டை விட்டாயிற்று.

"மணி என்னம்மா?" என்றது மேலேயிருந்து குரல்.

"நாலு நாப்பதுப்பா."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"சரி மாப்ளே, இன்னொரு தடவை பார்ப்போம்."

ஆச்சரியம், இந்த முறை பெடல் பாறை மாதிரி நின்றது. "மிதிங்க" என்றால் மிதித்தார். "விடாதீங்க" என்றால் விடவில்லை. நாலே மிதியில் குமிழ் நின்று சுத்தமான ஆயில் வந்தது. கிளட்ச் விறைப்பாக எழுந்து உட்கார்ந்தது. மாமனார் பேட்டரியை மாட்டச் சொல்லி, வண்டியைக் கிளப்பி, ஒன்று, இரண்டு, ரிவர்ஸ் என்று போட்டுப் பார்த்தார். வெண்ணெய் மாதிரி விழுந்தது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி மருமகனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"பரவாயில்லை" என்றார்.

டாக்டருக்குக் காதில் ஆயில் போனதால் தப்பாகக் கேட்டிருக்குமோ என்று சந்தேகம். "என்ன மாமா?"

"பரவாயில்லைன்னேன். அடுத்த ரயில் எப்போ?"

"அடுத்த ஞாயிறுதான் மாமா. உங்களுக்குத்தான் சிரமம்..."

"பரவாயில்லை, பரவாயில்லை."

ஒரே நாளில் மூன்று! டாக்டருக்குத் தரையில் கால் பாவவில்லை. கண்ணைத் துடைக்கப்போய் அதிலும் ஆயில் பட்டது, அதைப்பற்றிக்கூட அவர் கவலைப்படவில்லை. மாமனார் பேத்தியை மடியில் தூக்கிவைத்துக்கொண்டு அன்றைய ஊர்சுற்றலை ஆரம்பித்துவிட்டார். டாக்டர் பழைய சிலிண்டர்கள் இரண்டையும் தூக்கிக்கொண்டு, யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் என்று கேட்டுக்குப் போனார்.

"கிளட்ச்சை நானே சரி பண்ணிட்டேன், தெரியுமா?" என்றார் வாட்ச்மேனிடம்.

"அப்பாடா!" என்று நிம்மதியாகப் பெருமூச்சு விட்டான் வாட்ச்மேன். "பாவம் சார் பெரியவர், போன ஞாயிறு விடியக்காலையில அந்த டயர்கிட்ட உக்காந்து மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தார், இன்னிக்கு விடியக்காலையில ஸ்பேனரும் கையுமா வண்டிக்கு அடியில கிடந்தார். ஊருக்குப் போற நாள்லகூட உங்க வண்டி மேல என்ன அக்கறை சார் அவருக்கு!"