தாளமில்லாத கேசட்

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சபதம் செய்தேன். பதுளை ஊரே கைகொட்டிச் சிரித்தாலும் சரி, ஆணிக்கடை தர்மலிங்கமும் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் தம்பையாவும் என் கேசட்டைக் கேட்டுத் தலையாட்டியே தீர வேண்டும்!

1979இல் துன்ஹிந்த நீர்வீழ்ச்சி பார்க்க வந்த ஜெர்மன்காரர் ஒருவர், என் புடவைக்கடையில் இடுப்பில் கட்டச் சாரம் வாங்கிவிட்டு அந்தக் கேசட்டைக் கையில் திணித்துவிட்டுப் போனார். பாட்டில்லை. மத்தளமில்லை. ஏதோ மின்சாரப் பெட்டியிலிருந்து வரும் ஓசை மட்டும். மடுல்சீமை மலையில் பனிமூட்டம் இறங்குகிற மாதிரி வரும். நான் சொக்கிப்போனேன்.

ஞாயிறு பின்னேரம்தோறும் எங்கள் வீட்டில் சங்கீத சபை கூடும். வருவது இரண்டே பேர். பெருமை இருபது பேருக்குக் காணும்.

முதலில் அரை மணி நேரம் விளக்கவுரை நிகழ்த்திவிட்டுப் போட்டேன்.

“தாளமே இல்ல, தாள முடியல!” என்றார் தர்மலிங்கம்.

“இது ராகமில்ல, ரோகம்,” என்றார் தம்பையா.

மறுவாரமும் போட்டேன். எழுந்தே போய்விட்டார்கள்.

என் மனைவி லீலா சிரித்தாள். “நல்லாருக்கு, நல்லாருக்குன்னு நீங்க சொல்றதுதாங்க கோளாறு.”

“பின்னே எப்படிக் கேக்க வைக்கிறது?”

“கேக்கவே சொல்லாதீங்க. வாயைத் தொறக்காம இருங்க. மத்ததை நான் பாத்துக்கிறேன்.”

“ஒரு வார்த்தைகூடவா?”

“ஒரு ‘உம்’கூட.”

அடுத்த ஞாயிறு, அவர்கள் வருமுன்பே கேசட்டை மிக மெதுவாக ஓடவிட்டிருந்தாள். வந்தார்கள். தேத்தண்ணி குடித்தார்கள். மழையைத் திட்டினார்கள். பேச்சு தானாகவே தணிந்தது. தர்மலிங்கம் கண்ணை மூடினார். தம்பையா நாற்காலியில் சாய்ந்தார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

டக்! கேசட் முடிந்தது.

“ஏம்மா நிறுத்திட்டே?” தம்பையா திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

“எதைண்ணே?” என்றாள் லீலா, பச்சைப்பிள்ளை முகத்தோடு.

“இவ்வளவு நேரம் ஓடிச்சே, அது! நின்னதும் வீடே காலியானாப்பல இருக்கு.”

“மறுபக்கம் போடும்மா,” தர்மலிங்கம் கெஞ்சினார். தர்மலிங்கம்! கெஞ்சினார்!

துள்ளி எழுந்தேன். “அதுதாண்ணே உங்க ரோகம்!”

தம்பையா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “நாங்கதாம்பா செவிடுங்க.”

எனக்குப் பட்டாபிஷேகமே நடந்த மாதிரி இருந்தது.

லீலா தர்மலிங்கத்திடம் மெல்ல ஆரம்பித்தாள். “இங்க பஸ் இரைச்சல்ல பாதி கேக்கல அண்ணே. உங்க வீடு மேட்டுல அமைதியா இருக்கு. பாட்டுப்பெட்டியையும் கேசட்டையும் கொண்டுபோங்க. இனிமே சபை அங்கேயே நடக்கட்டும். உங்களை மாதிரி ரசிகருக்கு அதுதானே மரியாதை!”

தர்மலிங்கம் ஒப்புக்குக்கூட மறுக்கவில்லை. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினார்.

வாசலில் நின்று வெற்றிவீரனாகக் கையசைத்தேன். “ஜெயிச்சிட்டோம் லீலா! வாற ஞாயிறு அங்கே எனக்கு முதல் நாற்காலி!”

“வாற ஞாயிறா? வெலிமடையில எங்கம்மா தோட்டத்துல கிழங்கு கிண்ட ஆளில்லைன்னு எழுதியிருந்தாங்க. இனி ஞாயிறெல்லாம் மருமகனுக்கு ஓய்வுதான், அனுப்புறேன்னு போன கிழமையே பதில் போட்டுட்டேங்க.”