அதிகாரியின் நெற்றிப்பொட்டு

எந்தப் பரிசோதனைக்கும் ஓர் அளவுகோல் வேண்டும். எங்கள் ஊர் மருத்துவமனையின் 'இரத்தநாள அழற்சி ஊடுருவாப் படமெடுப்புப் பிரிவில்' அந்த அளவுகோல், பிரிவு அதிகாரியின் நெற்றிப்பொட்டு.

காலையில் கதவு திறந்ததும் அதிகாரி கட்டிலில் ஏறிப் படுப்பார். ஸ்கேன் எடுக்கும் பெண் அவர் காதுக்கு மேலே ஜில்லென்ற பசையைத் தடவி, கருவியை லேசாக ஒற்றுவாள். ஊசி கிடையாது, கத்தி கிடையாது. திரையில் ரத்தக்குழாய் தெரியும். குழாய் வீங்கியிருந்தால் அதைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம் விழும். அதிகாரிக்கு விழாது. எப்படி விழும்? இத்தனை வருஷ சர்வீஸில் அவரை எந்த விஷயமும் பாதித்ததே இல்லை. அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டு, 'இதுவே ஆரோக்கியம்' என்று எழுதிச் சுவரில் மாட்டியிருந்தார்கள். அதைப் போல இருந்தால் நலம், இல்லாவிட்டால் நோய்.

என் மாமனார் அங்கே போய் மாட்டினார். மனுஷன் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். தலை சீவினால் வலி, சோற்றை மென்றால் தாடை வலி. நெற்றிப்பொட்டைத் தொட்டுப் பார்த்த டாக்டரின் முகமே மாறிவிட்டது. ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறது, விட்டால் கண் போய்விடும் என்று அன்றைக்கே மாத்திரையை ஆரம்பித்தார். மாத்திரை வீக்கத்தை வடித்துவிடும், அதற்குள் படம் எடுத்துவிடுங்கள் என்றும் சொன்னார். கையில் கொடுத்தது கொஞ்சம்தான். மீதி மாத்திரைக்கு, படத்தைப் பார்த்து அதிகாரி ஒப்புதல் தர வேண்டும்.

'அதற்குள்' என்ற சொல் அந்த அலுவலகத்துக்குப் பழக்கமில்லை. படம் எடுக்க அனுமதி கேட்டால், வீக்கத்துக்கு ஆதாரம் கேட்டார்கள். என்ன ஆதாரம் என்றால், படம் என்றார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். கெஞ்சிக் கூத்தாடி முறை வந்தபோது மாத்திரை தன் கடமையைச் செவ்வனே முடித்திருந்தது. திரையில் வளையம் இல்லை.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லை, பெரியவரே. மாத்திரையை நிறுத்திடுங்க," என்றார் அதிகாரி.

"மாத்திரை சாப்பிட்டதாலதான் சார் ஒண்ணும் இல்லை," என்றார் மாமா.

"அப்ப நிறுத்துங்க, வீங்கட்டும். வீங்கினதும் வாங்க, உடனே ஒப்புதல் தர்றேன்."

"நடுவுல கண்ணு போயிட்டா?"

"கண்ணு மாடியில. அது வேற பிரிவு."

வீட்டுக்கு வந்த மாமா தன் பேத்தியின் முகத்தையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, சண்டை போட்டே தீருவதென்று போனோம். அங்கே ஒரே அமைதி. அதிகாரி கட்டிலில் கிடக்கிறார், திரையில் அவருடைய ரத்தக்குழாயைச் சுற்றி மை தீட்டிய மாதிரி வளையம். ஸ்கேன் எடுக்கும் பெண் பேயறைந்தவள் போல நின்றாள். வீங்கியிருக்கிறது சார் என்று மெதுவாகச் சொன்னாள்.

அதிகாரி எழுந்து பசையைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தப் பிரிவுல அளவுகோல் யாரு?"

"நீங்கதான் சார்."

"அளவுகோல் தப்பாகுமா?"

"ஆகாது சார்."

"அப்ப இதுதான் ஆரோக்கியம். பழைய படத்தைக் கழட்டு."

மதியத்துக்குள் சுற்றறிக்கை வந்துவிட்டது. வளையம் உடையோர் நலமுடையோர், வளையமற்றோர் நோயாளிகள் எனக் கருதப்படுவர். அதிகாரி மாமாவின் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்துப் பதறிப்போனார். துளி வளையம்கூட இல்லாமல் இத்தனை நாள் அலட்சியமாக இருக்கலாமா என்று கடிந்துகொண்டு, பை நிறைய மாத்திரைக்கு ஒப்புதல் தந்தார். மாத்திரை பைக்குள் போன பிறகுதான் மாமா மூச்சே விட்டார்.

அப்புறம் ஊரே தலைகீழ். வளையம் உள்ளவர்கள் படத்தைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தார்கள். நேர்முகத் தேர்வில் படிப்புக்கு முன்னால் வளையம் கேட்டார்கள். கல்லுக்குண்டு மாதிரி இருந்தவர்களெல்லாம் மாத்திரைக்கு வரிசையில் நின்றார்கள். நின்று நின்று அவர்களில் பலருக்கும் வளையம் வந்துவிட, பூரண குணம் என்று சான்றிதழோடு வீடு திரும்பினார்கள். பிரிவுக்கு விருது கிடைத்தது. மாமாவுக்காக அலைந்த எனக்கும் நல்ல தடிமனாக ஒரு வளையம் விழுந்திருந்தது. என் மனைவி அந்தப் படத்தை ஹாலில் மாட்டி, வருகிறவர்களிடமெல்லாம் காட்டினாள்.

மறுபடி மாத்திரை வாங்கப் போனபோது, அதிகாரி ஒரு கையால் தாடையைப் பிடித்தபடி, ஃபைலை மூக்கோடு ஒட்டிவைத்துப் படித்துக்கொண்டிருந்தார். மாமாவுக்கு மனசு கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார்.

"சார், எனக்கு இருந்ததேதான் உங்களுக்கும். இதைச் சாப்பிடுங்க, இல்லைன்னா கண்ணு போயிடும்."

"எனக்கு நோய்னு ஆதாரம் எங்க?" என்றார் அதிகாரி. ஆனால் அவர் கை தானாக நீண்டது.

அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு உறைத்தது. இவர் சாப்பிடுவார். வளையம் போகும். பழைய படம் சுவருக்கு வரும். மாமா மறுபடி ஆரோக்கியமாகிவிடுவார், மாத்திரை நின்றுவிடும். மாமாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தேன். அவர் என்னைப் பார்த்தார். அட்டை பைக்குள் திரும்பிப் போனது.

அதிகாரி தயங்கித் தயங்கிக் கேட்டார். "நான் நல்லாத்தானே இருக்கேன்?"

"அருமையா இருக்கீங்க சார்," என்றேன். பின்னால் நின்ற வரிசை மொத்தமும் தலையாட்டியது.

அதைச் சொல்லி வாயை மூடும்போது என் தாடை விண்ணென்று வலித்தது.